வீட்டுக் காவலை நாமே அமைப்போம்

கதவைப் பூட்டிவிட்டோம், இனி அச்சமில்லை என்றெண்ணி நாம் உறங்கச் செல்கின்றோம். ஆனால், பூட்டுக்கு வாயில்லை. தன்னை ஒருவன் உடைக்கும்போது அது நம்மை எழுப்பமாட்டாது. உறங்குவோரை எழுப்பக் குரலுள்ள காவலாளி ஒருவன் வேண்டும். அமெரிக்கரான ஒகஸ்ரஸ் போப் என்பவர், கதவு திறந்ததும் மணியொலிக்கும் மின்கருவிக்கு 1853ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

இன்று வாசல்களிற் காணும் கமெராவுக்கு வழிகாட்டியவர் ஒரு தாதி என்பதைப் பலர் அறியார். நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் இரவில் வீட்டிலே தனித்திருக்க அஞ்சினார். மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த கணவர் அல்பேட்டுடன் சேர்ந்து, கதவிலுள்ள நான்கு துவாரங்களினூடே வந்தவரைக் காட்டும் கமெராவையும், அவரோடு பேசும் கருவியையும், அபாயப் பொத்தானையும் ஒருங்கிணைத்தார். 1966இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969இற் கிடைத்தது.

காந்தக் காவலன்

நாம் முதலில் அமைக்கவேண்டியது காந்த ஆளி. அது இரு சிறு துண்டுகளாலானது. காந்தமுள்ள துண்டைக் கதவிலும், கண்ணாடிக் குழாயினுள் இரு மெல்லிய இரும்புக் கலப்புத் தகடுகளைக் கொண்ட துண்டைக் கதவு நிலையிலும் பொருத்துதல் வேண்டும். கதவு மூடியிருக்கையில் காந்தத்தின் வலிமையால் தகடுகள் ஒட்டிநிற்க, மின்னோட்டம் நிகழும். கதவு திறந்தால் தகடுகள் பிரியும்; மின்னோட்டம் அறும்; சைரன் அலறும்.

மின்னோட்டம் அறும்போது ஒலிக்குமாறு அமைப்பதேன்? மாணவர்கள் சிறிது சிந்திக்கலாம். கள்வன் கம்பியை அறுத்தாலும் மின்னோட்டம் அறுமன்றோ! யன்னல்களின் ஆளிகளையும் இதே சுற்றில் தொடராக இணைத்தால், எது திறந்தாலும் ஒலி எழும். திறந்த கதவை மீண்டும் மூடினாலும் ஒலி ஓயாத கட்டுப்பாட்டுப் பெட்டியையே வாங்குதல் வேண்டும். 12 வோல்ற்று பற்றரியும் இணைந்திருந்தால் மின்வெட்டிலும் காவல் தொடரும். வீட்டின் 230 வோல்ற்று இணைப்பை மட்டும் தகுதிபெற்ற மின்வேலையாளரிடமே விட்டுவிடுக.

வெப்பத்தைக் காணும் கண்

அசைவுணரி, நம் உடலிலிருந்து வெளிப்படும் செந்நிறக்கீழ்க் கதிர்களின் மாற்றத்தை அறிவது. நேரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதிற் காணும். ஆதலால், ஆள் கடக்கும் வழியைக் குறுக்காக நோக்கும்படி, அறை மூலையில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்தில் வைத்தல் நன்று. வெயில் படும் இடமும் அடுப்பங்கரையும் ஆகா. வீட்டுப் பூனை நடந்தாலும் ஒலிக்கக்கூடும். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியை அயலவர் பொருட்படுத்தார்.

இணையக் கமெரா வைப்போர், அதனுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் அவசியம். இன்றேல் நம் வீட்டைப் பிறர் பார்க்க நாமே வழிவிட்டவராவோம். அயல்வீட்டு முற்றத்தை அது நோக்காதிருப்பது பண்பு.

காவல் சிறையாகலாமா?

யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. கள்வருக்கு அஞ்சி யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பியிட்டு, கதவுக்கு இரட்டைப் பூட்டுமிட்டு, திறப்பை எங்கோ ஒளித்துவைக்கும் வீடுகள் பல. நள்ளிரவில் தீப்பற்றினால் அவ்வீட்டுக் குழந்தைகளின் கதி என்ன? புகை சூழ்ந்த இருளில் திறப்பைத் தேட எவராலும் இயலாது. கள்வன் கொண்டுபோவது பொருளை. தீயோ உயிரையே கொள்ளும். எனவே, திறப்பு வெளியிலிருந்து கைக்கெட்டாததும் வீட்டார் யாவரும் அறிந்ததுமான ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு யன்னற் கம்பியாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாய் அமைதல் நலம். புகையுணரி ஒன்றையும் பொருத்துக.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து சைரனைச் சோதிக்கவேண்டும். பொலிசாரின் அவசர எண் 119 என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். அயலவரிடமும் முன்கூட்டியே பேசிவைத்தல் தகும். எத்துணைச் சிறந்த கருவியாயினும் கூவத்தான் அறியும், ஓடிவருவது மனிதரே. நாமும் அவர்கள் வீட்டு மணி ஒலித்தால் எழுந்து செல்வோராக இருப்போமாக!