பஞ்சாயத்தார் கையெழுத்து: அன்றும் இன்றும்

மதுரையை ஒட்டிய விளாங்குடி வயலும் வாய்க்காலுமாக இருந்த காலத்தில், விழுந்து செத்தவர் என்றால் பனையேறும்போதோ இறவைக் கிணற்றிலோ விழுந்தவராக இருப்பார். இன்று திண்டுக்கல் சாலையோரம் மாடிமேல் மாடி எழும்புகிறது. விழுபவர் சாரத்தில் நின்ற கொத்தனார் அல்லது சித்தாள்.

இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கும் கொரோனர் என்ற அதிகாரியை மதுரை கண்டதே இல்லை. மதராஸ் நகரத்தில் இருந்த அந்தப் பதவியும் 1889-இல் ஒழிந்தது. இங்கே பிரேத விசாரணைக்கு ஊர்த் தலைவரே போதும் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சலுகை தந்திருந்தது. தலையாரி ஓடிப்போய்ச் சொல்ல, ஊர்த் தலைவரான கிராம முன்சீப் வந்து நிற்பார். கிணற்றுச் சுவர் எப்போது இடிந்தது, கயிறு எவ்வளவு பழசு என்பதெல்லாம் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல முடிந்ததா என்பது வேறு. முன்சீப் பரம்பரைப் பதவி. கிணற்றுக்காரரும் அவரும் ஒரே தெருவில் இருந்தால், கூலியாள் வாய் திறப்பாரா?

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்தச் சலுகையை எடுத்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கிராம முன்சீப் பதவியையே ஒழித்தது. அது நியாயம்தான். ஊரும் மாறியது: 2011-இல் விளாங்குடி பேரூராட்சி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது.

2024 ஜூலை 1 முதல், பிரேத விசாரணை பற்றிய பழைய நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவாகிவிட்டது. போலீஸ் அதிகாரி, அக்கம்பக்கத்து மதிப்புக்குரிய இருவரையாவது பஞ்சாயத்தாராக வைத்து உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அது மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 2021 நவம்பரிலிருந்து, வசதியுள்ள மருத்துவமனையில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம். உறவினர்கள் பிணவறை வாசலில் விடியும்வரை காத்துக்கிடக்கும் கொடுமைக்கு இது ஓரளவு மருந்து.

வேகம் கூடிவிட்டது; சாட்சி மெலிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு, செத்தவர் பெயர்கூடத் தெரியாது. மேஸ்திரி சொல்வதே வாக்குமூலமாகிறது: ‘கால் தவறி விழுந்துட்டாருங்க.’ சாரத்துக்குக் கைப்பிடிக் கம்பு கட்டியிருந்ததா, இடுப்பில் பெல்ட் இருந்ததா, மழை ஈரத்தில் மேலே ஏறச் சொன்னது யார்? இவை அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோகின்றன. சாவுக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தைப் பதிவதே இந்த விசாரணையின் நோக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யார் குற்றவாளி என்று அது தீர்ப்பதில்லை. ஆனாலும் இழப்பீட்டுக்கு அலையும் மனைவி கையில் இருக்கும் முதல் காகிதங்களில் ஒன்று இந்த அறிக்கைதான்.

பஞ்சாயத்தாராக உங்களைக் கூப்பிட்டால் ஒதுங்காதீர்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. கண்டதை மட்டும் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அறிக்கையை ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்திட்டால் போதும் என்றே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.