ஸ்டார்ட்டர் பேக்: உங்கள் வட்டத்தை யார் தீர்மானிக்கிறார்?

எக்ஸ் தளத்தின் புதிய விதிமுறைகள் 2024 நவம்பர் 15 அன்று அமலுக்கு வந்தன. அதற்குள் வெளியேறாவிட்டால் கணக்கு பறிபோய்விடுமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பறிபோகவில்லை. ஆனால், அதன் பிறகும் பயன்படுத்தினால், உங்கள் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவும், வழக்கு என்று வந்தால் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள நீதிமன்றத்தில் வாதாடவும் நீங்கள் சம்மதித்ததாக அர்த்தம்.

எக்ஸிலிருந்து விலகி, அதைப் போன்ற ப்ளூஸ்கை தளத்துக்குப் போனவர்களின் கடிதங்களில் இன்னொரு கவலையும் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ப்ளூஸ்கையில் சேர்ந்துவிட்டேன். அங்கே ஒருவரையும் தெரியவில்லை.’ இதற்கு ப்ளூஸ்கை நிறுவனம் 2024 ஜூனில் தந்த விடைதான் ஸ்டார்ட்டர் பேக். புதியவர்களுக்கான வரவேற்பு ஏற்பாடு என்கிறார்கள். உள்ளபடி சொன்னால், யாரோ ஒரு பயனர் தன் விருப்பப்படி தொகுத்த பெயர்ப் பட்டியல் அது. 150 கணக்குகள் வரை இருக்கலாம். கூடவே மூன்று ஃபீடுகள் (தொகுத்த பதிவோடைகள்) வரை. அந்த இணைப்பின் வழியாகக் கணக்கு தொடங்குபவர், பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் ஒரே மூச்சில் பின்தொடரத் தொடங்கிவிடுகிறார்.

வெறுமையான டைம்லைனைப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பிப் போகிறவர்களைத் தங்க வைக்க இதைவிட நல்ல வழி தோன்றவில்லை. 2009-இல் ட்விட்டரும் (இன்றைய எக்ஸ்) புதியவர்களுக்குப் பெயர்களைப் பரிந்துரைத்தது. அவற்றை நிறுவனமே பொறுக்கியது. இடம்பிடித்த சிலருக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள் குவிந்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 2010 தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். ப்ளூஸ்கை அந்த அதிகாரத்தைப் பயனர்களிடம் கொடுத்திருக்கிறது. அதிகாரம் கைமாறியதே தவிர, கரைந்துவிடவில்லை. முதலில் வந்து பட்டியலில் ஏறியவர் மேலும் மேலும் வளர்கிறார். நன்றாக எழுதுகிற ஒருவர் தாமதமாக வந்தால் கடைசிப் பந்திதான்.

என்னை அதிகம் உறுத்துவது சம்மதம். உங்கள் பெயரைச் சேர்ப்பவர் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. பெண் பத்திரிகையாளர்களை அறிமுகப்படுத்த நல்ல எண்ணத்தோடு ஒருவர் தொகுக்கும் பட்டியல், அவர்களைத் தேடிப்போய் வசைபாட நினைப்பவனுக்கும் அதே அளவு வசதி. விலக விரும்பினால் தொகுத்தவரிடம் கேட்க வேண்டும், அல்லது அவரை பிளாக் செய்ய வேண்டும். இது போதும் என்று நிறுவனம் நினைக்கலாம், எனக்குப் போதவில்லை.

ஆகவே, பேக்கை மொத்தமாக விழுங்காதீர்கள். தொகுத்தவர் யார், பட்டியலின் துறையில் அவருக்கு என்ன பழக்கம் என்று பாருங்கள். பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர்களை மட்டும் பின்தொடருங்கள். அறிவிப்பு மட்டுமே போடும் பிரபலங்கள் பத்துப் பேரைவிட, மறுமொழி எழுதும் இருவர் மேல். அவர்கள் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனித்தாலே அடுத்த பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இனி, சில குறுங்கேள்விகள். தொகுத்தவர் பட்டியலைப் பிறகு மாற்றினால்? நீங்கள் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் மாற மாட்டார்கள்.

ப்ளூஸ்கைக்குக் கட்டணம் உண்டா? இல்லை.

எக்ஸ் ஃபாலோயர்கள் கூடவே வருவார்களா? வர மாட்டார்கள்.

டிஎம் (தனிச்செய்தி) வசதி? உண்டு. 2024-இல் ஒருவருக்கொருவர் மட்டும் இருந்தது, குழு இல்லை.

வீடியோ? உண்டு. 2024-இல் 60 விநாடி வரை இருந்தது.

எக்ஸ் கணக்கை உடனே அழிக்க வேண்டுமா? முதலில் உங்கள் தரவுகளின் பிரதியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வரச் சில நாள் ஆகலாம்.