வானத்து வழி – 12: ஒன்பது மணி நேரம் ஏன் பதினொன்று ஆகிறது?

சென்னைக்கும் லண்டனுக்கும் வான்வழித் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். ஆனால் மீனம்பாக்கத்தில் ஏறியவர் ஹீத்ரோவில் இறங்கப் பத்தரை, பதினொரு மணி நேரம் பிடிக்கிறது. பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பிவிட்டு அம்பத்தூரிலும் ஆவடியிலும் கைபேசியில் விமானத்தின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு, மீதி நேரம் எங்கே போகிறது என்பது நியாயமான சந்தேகம்.

வீட்டில் பள்ளிக்கூடத்து உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். சுவர் வரைபடத்தில் கோடு போட்டால் அரபு நாடுகள் வழியாகப் போகும். நூலோ மும்பைக்கு வடக்கே ஏறி, குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ் மலை, உக்ரைன் என்று வளைந்து போகும். குறுக்குவழி அதுதான். சிக்கலும் அதுதான். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தானும் வழியை அடைத்தது. இதில் டெல்லிக்கு விழுந்த அடி பெரிது. நமக்கு அரபிக்கடல் பக்கமாக ஒதுங்கிப் போக இடம் இருக்கிறது.

அப்புறம் காற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று போகும்போது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகைத் தள்ளுகிறது. அதனால்தான் ஊர் திரும்பும் பயணம் பெரும்பாலும் குறைவான நேரத்தில் முடிகிறது.

கடிகாரம் சொல்வது வேறு கணக்கு. இங்கே விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தாலும், குளிர்காலத்தில் லண்டனில் இறங்கும்போது காலை 10.30 தான். ஐந்தரை மணி நேரத்தில் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேச இது போதும்!

இந்த வான்வழித் தொடர்பு புதிதல்ல. 1932 அக்டோபரில் லண்டன் தபால் கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸில் வந்தது. அங்கிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா சிறிய புஸ் மாத் விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். பெல்லாரி வழியாக அதை மதராஸில் சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் நம் ஊர்.

இத்தனை கணக்கிலும் ஓட்டுநருக்கு போன் போட்டு, பெட்டிகளை ஏற்றி, மதுரவாயல் பைபாஸில் ஊர்ந்து விமான நிலையம் சேரும் நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை. ஆவடிக்காரருக்கு அதுவும் பயணம்தான். சென்னைக்கான புதிய விமான நிலையம் பரந்தூரில் வந்தால் பூந்தமல்லியிலிருந்து தரைத் தூரம் கூடும். மெட்ரோவை அங்கே வரை நீட்டும் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போவோம்.

(தொடரும்)