துரை பங்களாவில் ஓர் இரவு

பெருநகரங்களிலே வானளாவி நிற்கும் விடுதிகளை நம்மவர் அறிவர். அங்கே தங்குபவர் அறை எண்ணால் அறியப்படுவாரேயன்றிப் பெயரால் அறியப்படுவதில்லை. இக்குறையை நீக்க எழுந்தவையே 'பூட்டிக்' எனப்படும் சிறு விடுதிகள். அறைகள் சிலவே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், விருந்தினரைப் பெயர் சொல்லி வரவேற்பது வழக்கம். நியூயோர்க் நகரில் 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'மோர்கன்ஸ்' விடுதியை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கூறுவர்.

பூட்டிக் என்பது சிறு கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வேடிக்கை யாதெனில், இலங்கையில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அச்சொல் நம் ஊர்ச் சில்லறைக் கடையையே குறித்தது. அன்று உப்பும் மிளகாயும் விற்ற சொல், இன்று மலைக்காற்றையும் பஞ்சணையையும் விற்கிறது!

மலைநாட்டில் இத்தகைய விடுதிகளுக்குப் புதுக் கட்டடம் தேவைப்படவில்லை. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்பயிர் மலையெங்கும் பரவியபோது, நல்ல காட்சி தெரியும் மேடுகளில் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களும் பெருகின. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. காலப்போக்கில் பங்களாக்கள் சில விடுதிகளாக மாறின. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அயலில் உள்ள பழைய பங்களாக்கள் 2005 முதல் உல்லாசப் பயணிகளை வரவேற்று வருகின்றன. கந்தப்பளையிலோ ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாகிவிட்டது.

நிற்க. சென்ற மார்கழி விடுமுறையில், கொத்மலைப் பக்கத்தில் அத்தகைய பங்களா ஒன்றில் ஓரிரவு தங்கும் வாய்ப்பு நமக்கும் நம் துணைவியாருக்கும் கிட்டியது. அங்கே பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவரே அழைத்திருந்தார். ஆறே அறைகள். கணப்பில் விறகு எரிந்தது. முகப்பில் நின்றால் கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் விரிந்து கிடந்தது. 87 மீற்றர் உயரமான அதன் அணை 1985இல் நிறைவுற்றபோது, பல சிற்றூர்களும் விகாரைகளும் நீருக்குள் மறைந்தன. நீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் இடிபாடுகள் மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

கூடத்துச் சுவரில் கண்ணாடியிட்ட பட்டியல் ஒன்று தொங்கியது. அங்கு வாழ்ந்த துரைமாரின் பெயர்களும் ஆண்டுகளும் அழகிய எழுத்தில் வரிசையாக இருந்தன. நாம் அதைப் படித்துக்கொண்டிருக்கையில் மாணவர் தேநீருடன் வந்தார்.

"சேர், எங்க தாத்தா இந்த வீட்டுல முப்பது வருஷம் அப்புவா இருந்தாரு. முன்வாசல் வழியா ஒரு நாளும் வந்ததில்ல" என்றார்.

அப்பு என்பவர் பங்களாவின் தலைமைப் பணியாள். துரைமார் பலர் வந்து போயினர். அவர் ஒருவரே நெடுங்காலம் இருந்தார். ஆயினும் அவர் பெயர் சுவரில் இல்லை.

மறுநாட் காலை, பின்புறத்து சைப்பிரஸ் மரவேலிக்கு அப்பால் நடந்தோம். அங்கே லயம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா ஒன்றில்தான் நம் மாணவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார். நாம் முதல்நாள் நீராடிய குளியலறை அதனினும் பெரிது! அவர் தாயார் எம்மை உட்காரவைத்துச் சாயத் தேத்தண்ணீர் தந்தார். பங்களாவின் பீங்கான் கோப்பையில் பருகியதை விட அது மணமாக இருந்தது என்று சொன்னால் உபசார வார்த்தை என நினையாதீர்கள்.

இவ்விடுதிகள் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நம் பிள்ளைகள் பலருக்கு அவை ஊதியம் தருகின்றன. இடிந்து போகவிருந்த வீடுகளைக் காக்கின்றன. எனினும் அவை அறையை மட்டும் விற்கவில்லை, வரலாற்றையும் சேர்த்தே விற்கின்றன. அரைகுறையான அளவையால் பண்டம் அளந்தால் குற்றமென்போம். வரலாற்றை அரைகுறையாக அளப்பது மட்டும் முறையாகுமா? கொழுந்து பறித்தவர், விறகு சுமந்தவர், அடுக்களையில் நின்றவர் ஆகியோரின் பெயர்களையும் அதே சுவரில் எழுத எவ்வளவு செலவாகும்?

புறப்படுகையில் விருந்தினர் ஏட்டை நீட்டினார்கள். புரட்டிய பக்கங்களில் ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் நிறைந்திருந்தன. தமிழ் எழுத்து ஒன்றும் எம் கண்ணிற் படவில்லை. மாணவரிடம் அவர் பாட்டனாரின் பெயரைக் கேட்டு, "இவ்வீட்டை முப்பது ஆண்டு பேணியவர்" என்று தமிழில் எழுதிக் கையொப்பமிட்டோம். அவர் அதை இருமுறை படித்தார். பின் எம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே நடந்தார்.