ஒரு அடுப்பு, பத்து வீடு: மண் அடுப்பில் நாண் ரொட்டி சுடலாம் வாங்க



திருநெல்வேலி டவுனுக்கோ பாளையங்கோட்டைக்கோ போய்வரும் பிள்ளைகள் இப்போது பரோட்டாவோடு நாண் ரொட்டியும் கேட்கிறார்கள். "ஏக்கா, அதை நம்ம வீட்டுக் கரி அடுப்புல சுட முடியுமா? நாலு பேருக்குச் சுட்டு வித்தா கட்டுபடியாகுமா?" என்று நம் உறுப்பினர்களும் கேட்கிறார்கள்.

சுட முடியும். கட்டுபடியாகுமா என்பது அடுப்பை எத்தனை பேர் சேர்ந்து பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

நாண் எங்கிருந்து வந்தது?

'நாண்' என்பது பாரசீகச் சொல். ரொட்டி என்றுதான் பொருள். இதைச் சுடும் அடுப்புக்குத் தந்தூர் என்று பெயர். பெரிய மண் பானை போல இருக்கும். அடியில் கரி எரியும். மாவைத் தட்டி உள்சுவரில் ஒட்டுவார்கள். 1947 பிரிவினையின்போது பெஷாவரில் இருந்து டில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் 'மோத்தி மகால்' ஓட்டலை நடத்தினார்கள். தந்தூர் சமையல் ஓட்டல்களில் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

ஓட்டலுக்கு வரும் முன்பே பஞ்சாப் கிராமங்களில் தந்தூர் இருந்தது. வீட்டுக்கு ஒன்று அல்ல, தெருவுக்கு ஒன்று. பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து எடுத்து வந்து, ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக்கொண்டு போவார்கள். இதை 'சாஞ்சா சூல்ஹா' என்பார்கள், அதாவது பொது அடுப்பு. விறகும் மிச்சம், வேலையும் சுலபம். நாம் சங்கத்தில் சேர்ந்து சேமிப்பது போலத்தான் இதுவும்.

மண் ஏன் வேண்டும்?

மண் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். தடித்த மண் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் திருப்பித் தரும். நன்றாகக் காய்ந்த தந்தூரின் உள்ளே சூடு 400 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். அதனால்தான் நாண் ஒன்றிரண்டு நிமிடத்தில் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, உள்ளே மெதுவாக வருகிறது.

வெளிநாடுகளில் முட்டை வடிவத்தில் மூடி போட்ட பீங்கான் கரி அடுப்பு விற்கிறார்கள். ஜப்பானின் பழைய மண் அடுப்பான 'கமாடோ'வைப் பார்த்துச் செய்தது. கீழே காற்று வர ஒரு வழி, மேலே புகை போக ஒரு வழி, நடுவில் தடித்த சுவர், அவ்வளவுதான். விலையோ நமக்கு எட்டாது. இதே வேலையை நம்ம ஊர் மண்ணும் செய்யும். சேரன்மகாதேவி பக்கத்தில் காருக்குறிச்சி மண்பாண்டம் தெரியாதவர் யார்? சீவலப்பேரியில் இருந்து ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே 1876 முதல் பல தடவை தோண்டி எடுத்த தாழிகளே, பொருநைக் கரையில் எவ்வளவு காலமாக மண் வனைகிறார்கள் என்பதற்குச் சாட்சி.

மாவு பிசையும் அளவு (8 நாண்)

மைதா அரை கிலோ, புளிக்காத தயிர் 100 கிராம், உப்பு 1 டீஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 200 மில்லி.

பொடிகளை மாவில் கலந்து சலித்து, தயிரும் எண்ணெயும் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையவும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி 2 மணி நேரம் வைக்கவும். 8 உருண்டையாக்கி, இன்னும் 15 நிமிடம் விட்டுத் தட்டினால் மாவு சுருங்காது. மைதா வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். உப்புவது கொஞ்சம் குறையும், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

வீட்டுக் கரி அடுப்பில் சுடும் முறை

1. வேலிக்கருவைக் கரியோ சிரட்டைக் கரியோ போதும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள், ரொட்டியில் வாடை ஏறும். காய்ந்த பனை ஓலையும் தேங்காய் மட்டையும் போதும்.

2. கரி முழுக்கப் பற்றி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சுட ஆரம்பிக்க வேண்டும்.

3. கைப்பிடி உள்ள இரும்புக் கல்லை நன்றாகக் காயவையுங்கள். எண்ணெய் தடவக் கூடாது. நான்ஸ்டிக் கல் உதவாது, ரொட்டி ஒட்டாமல் விழுந்துவிடும்.

4. தட்டிய நாணின் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் கல்லில் படும்படி போடுங்கள். ஈரம்தான் பசை.

5. மேலே கொப்புளம் வந்ததும் கல்லைக் கவிழ்த்து, கங்குக்கு நாலு விரல் உயரத்தில் பிடித்துச் சுற்றிக் காட்டுங்கள். புள்ளி விழுந்ததும் கரண்டியால் பெயர்த்து எடுக்கவும்.

குழுவுக்கு ஒரு தந்தூர்

தண்ணீர்ப் பானை இதற்கு ஆகாது. மெல்லியது, வெடித்துவிடும். "தந்தூர் அடுப்புக்கு" என்று சொல்லி, தடித்த சுவரும் குறுகிய வாயும் அடியில் காற்றுத் துளையும் வைத்து வனைந்து தரச் சொல்லுங்கள். அதை இரும்பு டிரம்முக்குள் இறக்கி, இடைவெளியில் மணலும் உடைந்த செங்கலும் நிரப்ப வேண்டும். டிரம்மிலும் துளைக்கு நேராக ஒரு வழி விட வேண்டும். முதலில் நன்றாக உலரவிட்டு, இரண்டு மூன்று நாள் சிறு தீ மட்டும் போட்டுப் பழக்குங்கள். ஈரம் இருக்கும்போது பெருந்தீ போட்டால் கீறல் விழும்.

சூடு போதுமா என்று எப்படித் தெரியும்? முதலில் சுவர் கரி பிடித்துக் கறுக்கும். சூடு ஏறியதும் அந்தக் கறுப்பு எரிந்து சுவர் வெளுக்கும். அதுதான் பதம். நாண் ஒட்டாமல் விழுந்தால் சுவரில் சூடு போதவில்லை, அல்லது மாவில் ஈரம் போதவில்லை. வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தால் சூடு அதிகம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தந்தூர் காய ஆகும் கரி, 8 நாண் சுட்டாலும் 80 நாண் சுட்டாலும் ஒன்றுதான். ஒரு வீட்டுக்காக மூட்டினால் கரி முழுக்க நஷ்டம். பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு அரைக் கிலோ மாவு கொண்டுவந்தால் கரிச் செலவு பத்தில் ஒரு பங்காகிறது. வியாபாரத்துக்கும் இதே கணக்குதான். தினமும் மூட்டாமல், வாரத்தில் ஒரு நாள், முன்கூட்டியே ஆர்டர் வாங்கிச் சுடுங்கள். மாவு, கரி, எண்ணெய் மட்டுமல்ல, உழைத்தவர்களின் கூலியையும் நோட்டில் எழுதிவிட்டு விலை வையுங்கள். கூலியை விட்டுவிட்டு "லாபம் வந்துச்சு" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்து, கவனம்!

கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். மழை என்றாலும் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லையே என்று நினைப்போம், ஆனால் வாயு இருக்கும். ரத்தம் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் விடியும்போது உயிரோடு இல்லை என்ற செய்தி பல தடவை வந்திருக்கிறது.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே எல்லாரும் வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். சுட்டு முடித்தபின் அணையாத கரியை வீட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். தண்ணீர் ஊற்றியோ, மண் போட்டு மூடியோ அணையுங்கள். தந்தூர் சூடாக இருக்கும்போது அதற்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். கரியைக் கீழ் வழியாக எடுத்து வெளியே அணைக்கவும்.

தந்தூருக்குள் கைவிடும்போது பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். வெறுங்கையால் ஒட்டாமல், துணி அடைத்த சிறு திண்டின் மேல் நாணை வைத்து ஒட்டுங்கள். எடுப்பதற்கு நீளமான இரும்புக் கம்பி இரண்டு வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில்

முதலில் ஒரு வீட்டு முற்றத்தில் கரி அடுப்பும் இரும்புக் கல்லும் வைத்து எட்டு நாண் சுட்டுப் பாருங்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்களா, எவ்வளவு கரி பிடித்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். பிறகு பொது அடுப்பு வேண்டுமா, யார் இடத்தில் வைப்பது, கரிக்கு ஆளுக்கு எவ்வளவு என்று குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி முடிவெடுங்கள். கடன் வாங்கி அடுப்பு வைப்பது அதற்கு அப்புறம்தான்.