உங்களுக்குத் தெரியுமா? கரப்பான் காலுக்கும் ரிமோட் வந்தாச்சு!

பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், அஞ்சடியோரமாக நடக்கும்போது சாக்கடை இடுக்கிலிருந்து செம்பழுப்பாக ஒன்று 'சர்ர்'ரென்று ஓடுமே, கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்கக் கரப்பான்! அதே இனத்தின் முதுகில்தான் தோக்கியோ பல்கலைக்கழகத்தார் மின்கருவியைக் கட்டினார்கள். வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம் என்று நடத்தியும் காட்டினார்கள். எப்போது தெரியுமா? 1997-லேயே!

ரகசியம் மீசையில் இருக்கிறது! அந்த நீண்ட உணர்கொம்புக்குள் மெல்லிய கம்பியைச் செருகுகிறார்கள். வலது கொம்பில் துளி மின்சாரம் பாய்ந்ததும், அந்தப் பக்கம் ஏதோ சுவர் இடிக்கிறது என்று கரப்பான் நம்பிவிடும். உடனே இடது பக்கம் திரும்பும். இடதில் தட்டினால் வலது. அவ்வளவுதான் ஸ்டியரிங்!

இந்த வாகனத்துக்கு வேகம் எவ்வளவு? 1991-இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். நொடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது தன் உடல் நீளத்தைப்போல் 50 மடங்கு தூரம்! ஐந்தடி ஏழு அங்குல மனிதர் அதே கணக்கில் ஓடினால்? நானே கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல்!

அதிலும் ஒரு கூத்து உண்டு. உச்ச வேகத்தில் கரப்பான் ஆறு காலில் ஓடுவதில்லை. முன்பக்கம் எழும்ப, பின்னங்கால் இரண்டில் ஓடுகிறது!

இடுக்கில் நுழைவதில் சூரர் யார் என்று கண்டுபிடித்தவர் நம்மவர்! மும்பை ஐஐடியில் படித்த கௌசிக் ஜெயராம், தன் பேராசிரியர் ராபர்ட் ஃபுல்லுடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: கரப்பான் நுழைய 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நுழைந்து வெளியேற ஒரே நொடி! தன் எடையைப்போல் 900 மடங்கு அழுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது!

இனி வருவதுதான் இந்த வாரத்தின் பெரிய மீன்!

2025 மார்ச் 28. மியன்மாரில் 7.7 அளவு நிலநடுக்கம். சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை 80 பேரையும் நான்கு மோப்ப நாய்களையும் அனுப்பியது. பின்னாலேயே இன்னொரு படையும் வந்து இறங்கியது. பத்தே பத்துக் கரப்பான்கள்!

சும்மா கரப்பான்கள் அல்ல. மடகாஸ்கர் தீவின் இறக்கையில்லாச் சீறும் கரப்பான்கள்! ஒவ்வொன்றும் சுமார் 6 சென்டிமீட்டர். முதுகில் அகச்சிவப்புக் கேமராவும் உணர்கருவிகளும். தலைநகர் நேப்பிடோவின் இடிபாடுகளுக்குள் மனிதக் கையும் நாய் மூக்கும் போக முடியாத பொந்துகளில் இறக்கிவிட்டார்கள். பேரிடர் மீட்பில் மின்பூச்சிகள் களம் கண்டது உலகிலேயே அதுதான் முதல்முறை!

உயிரோடு யாரையும் அவை கண்டுபிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆய்வுக்கூடத்தை விட்டு அசல் இடிபாட்டுக்குள் போய்விட்டு வந்தன அல்லவா, அதற்கே ஒரு சபாஷ்!

வேலைக்குப் போகுமுன் அவற்றுக்குக் கிடைத்த சாப்பாடு? கேரட்டும் தண்ணீரும்!

இதற்கெல்லாம் மூளை சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோத்தாகா சாத்தோ. ஆள் சாதாரணப்பட்டவர் அல்ல. 2009-லேயே கலிபோர்னியாவின் பெர்க்லியில் பறக்கும் வண்டையே ரேடியோவால் ஓட்டிக் காட்டிய குழுவில் இருந்தவர்!

ஒரு கரப்பானின் முதுகில் இந்த மின்கருவிப் பையை மாட்ட எவ்வளவு நேரம்? சாத்தோ குழு ரோபோ கையிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டது. 68 நொடி! ஒரு பாக்கெட் மேகி வேகுமுன் ஒரு கரப்பான் தயார்!

அப்படித் தயாரான நான்கே நான்கை, தடைகள் நிறைந்த நான்கு சதுர மீட்டர் இடத்தில் விட்டார்கள். பத்தரை நிமிடத்தில் 80 விழுக்காடு இடத்தைச் சுற்றி வந்துவிட்டன!

கொம்பைத் தட்டித் திருப்புவது பழைய கதை. காலையே நேரடியாக ஆட்டினால்? அதையும் சாத்தோ குழு 2016-இல் செய்து முடித்தது! ஆப்பிரிக்காவின் பெரிய பூவண்டு ஒன்றின் முன்னங்கால் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். எந்தத் தசைக்கு, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் மின்சாரம் என்று மாற்ற மாற்ற, எட்டின் நீளம் மாறியது. வேகம் மாறியது. நடையே மாறியது! கால்களை மாற்றி மாற்றி வைத்து நடந்த வண்டு, இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்து வீசிப் பாய்ந்தது! வண்டுக்குக் குதிரை நடை!

வெட்டி எடுத்த காலும் ஆடும்! கரப்பானின் ஒற்றைக் காலில் இரண்டு ஊசி குத்தி, பாட்டு ஓடும் கைப்பேசியை இணைத்தால், தாளம் அதிர அதிரக் கால் வெட்டி வெட்டி ஆடுகிறது. அமெரிக்க நரம்பியலாளர் கிரெக் கேஜ் இதை மேடை மேடையாகக் காட்டுகிறார். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்!

தவளைக் காலில் மின்சாரத்தால் இதே துள்ளலைக் கண்ட இத்தாலியர் கால்வானி அதை எழுதி வெளியிட்ட ஆண்டு? 1791!

தலை இல்லாத பூச்சி பாடம் படிக்குமா? படிக்கும்! 1962-இல் ஆய்வாளர் ஏட்ரியன் ஹாரிட்ஜ், தலை நீக்கிய கரப்பான், வெட்டுக்கிளிகளைக் கட்டித் தொங்கவிட்டார். காலைத் தாழ்த்தினால் 'சுரீர்' என்று மின் அதிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் கால் தானாகவே மேலே தூக்கிக்கொண்டு நின்றது! மூளை இல்லை, நெஞ்சிலுள்ள நரம்பு முடிச்சுகளே கற்றுக்கொண்டன. தலை இருந்தும் படிக்காதவர்கள் என் தெருவிலேயே சிலர் உண்டு, விடுங்கள்!

நம்மவர் இன்னொருவரும் உண்டு! சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பரணிதரன் ராமன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேராசிரியர். அவர் மாணவர்கள் யார் தெரியுமா? வெட்டுக்கிளிகள்! மூளையில் மின்முனை வைத்து, டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் போன்ற வெடிமருந்துகளின் வாசனையைப் பிரித்தறிய வைத்தார். ஒரு வெட்டுக்கிளி சொன்னால் சுமார் 60 விழுக்காடு சரி. ஏழு சேர்ந்து சொன்னால் 80 விழுக்காடு! நடக்க முடியாத வெட்டுக்கிளியைச் சக்கர வண்டியில் உட்காரவைத்து ஊர்வலமும் விட்டார்! அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகம் இதற்கு 2016-இல் தந்த பணம் 7,50,000 டாலர்!

பேட்டரி தீர்ந்துவிட்டால்? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையம் 2022-இல் கரப்பானின் வயிற்றின் மேல் சூரிய மின்படலம் ஒட்டிவிட்டது. அதன் தடிமன் 0.004 மில்லிமீட்டர்தான்!

பினாங்குக்காரர்களே, நமக்கு என்ன குறை? 1972-லேயே இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கேதான் திறந்தது. சில்லுக்குப் பாயான் லெப்பாஸ், கரப்பானுக்கு ஊரெல்லாம் சாக்கடை. இரண்டையும் சேர்க்க ஓர் ஆள்தான் பாக்கி!

மனிதன் செய்வதெல்லாம் காப்பிதான், தெரியுமா? வெப்பமண்டல ஆசியாவில் மரகதப் பச்சையில் ஒரு குளவி பறக்கிறது. முதல் கொட்டு கரப்பானின் நெஞ்சில், முன்னங்கால் இரண்டும் சில நிமிடம் செயலற்றுப்போகும். இரண்டாவது கொட்டு குறிபார்த்து மூளையில்! அதன்பின் கரப்பானுக்குக் கால் உண்டு, நடக்கும் சக்தி உண்டு, நடக்கத் தோன்றாது! குளவி அதன் மீசையைப் பாதியாகக் கத்தரித்து, மிச்சத்தைப் பிடித்துத் தன் வளைக்கு நடத்திப்போகிறது. முட்டையை எங்கே ஒட்டும்? கரப்பானின் காலிலேயே! பேட்டரி இல்லை, கம்பி இல்லை! கரப்பானை ஒழிக்க 1941-இல் ஹவாய்த் தீவுகளுக்கு இந்தக் குளவியையே இறக்குமதி செய்தார்கள்!

கடைசியாக ஒன்று. 2013-இல் அமெரிக்காவில், கைப்பேசியால் ஓட்டும் கரப்பான் கருவி பொதுமக்கள் விற்பனைக்கே வந்தது. விலை சுமார் 100 டாலர்! ஆனால் கரப்பான் லேசுப்பட்டதா? சில நிமிடம் திரும்பத் திரும்பத் தட்டினால் 'இது வெறும் பொய்ச் சுவர்' என்று பழகிக்கொண்டு நேராக நடக்க ஆரம்பிக்கும். சில நாட்களில் கருவிக்கு மசியவே மசியாது! அப்புறம் என்ன செய்வது? கம்பியைக் கத்தரித்துவிட்டு, மற்ற கரப்பான்களோடு சேர்த்துப் பணி ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்கிறது தயாரித்த நிறுவனம்!