காலி உண்டு, சேர்ந்தாற்போல் இல்லை

மாணவர்களே, ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் 16 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு காலி, ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று. அண்ணன் தம்பி குடும்பங்கள் அடுத்தடுத்து இரண்டு வீடு கேட்டால் கிராணியார் கைவிரிப்பார்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் இதே தொல்லைதான். நினைவகத்தைப் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாகப் பங்கிடுகிறது. செயலிகளுக்குச் சிதறிய பக்கங்களை ஓர் அட்டவணை கோத்துக் காட்டிவிடும். அந்த வசதி இல்லாத சில கேமரா சில்லுகளுக்கோ தொடர்ச்சியான இடமே வேண்டும்.

அதனால் 1, 2, 4, 8 என இரட்டிப்புக் கட்டுகளாகவே பிரிக்கும். நான்கு கேட்டால் எட்டை இரண்டாகப் பிளந்து ஒன்றைக் கொடுக்கும். அது திரும்பியதும், ஜோடியும் காலியாக இருந்தால் மறுபடி எட்டாக ஒட்டும். கென்னத் நோல்ட்டன் 1965இல் விளக்கிய முறை இது.

ஜோடியில் யாரோ குடியிருந்தால்? செயலியின் பக்கமென்றால் வேறிடத்துக்கு மாற்றலாம். கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட பக்கமோ பெரும்பாலும் நகராது. அது ஒன்றே ஒன்று நடுவில் உட்கார்ந்தாலும் கட்டு சேராது.